எஸ்தர் கல்யாண டிஸ்க்

அக்டோபர் 8, புதன்

பெரிய காஞ்சிபுரம் முழுக்க தீபாவளிக்குப் பட்டு வாங்கும் கூட்டம். அதற்குள் புகுந்து எஸ்தர் ஸ்டுடியோவுக்கு வந்தாள். ஆவணியில் அவள் கல்யாணத்தை நான்தான் வீடியோ எடுத்தேன். போன வாரம் அவள் அப்பா தவறிவிட்டார்.

"போன்ல அப்பா போட்டோ நெறய இருக்குதுண்ணா. குரல்தான் ஒண்ணுகூட இல்ல. பதினெட்டாம் தேதி நினைவு ஜெபம். கல்யாண வீடியோவுல அவரு எங்கனா பேசியிருப்பாரு, அத அங்க போடணும்."

எடிட்டிங்கை இழுத்தடித்தவன் நான். நாளைக்கே தருகிறேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். அவள் போனதும் கல்யாண வீடியோ இருந்த ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன். விளக்கு எரிகிறது. கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியவில்லை.

அக்டோபர் 9

கேபிளை மாற்றினேன். பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டரிலும் அதே கதை. மெமரி கார்டை அடுத்த கல்யாணத்துக்காக எப்போதோ அழித்தாயிற்று. இன்னொரு நகல்? இல்லை. தொழில் பண்ணுகிறானாம் தொழில்!

அக்டோபர் 10

ஒருமுறை டிஸ்க் எட்டிப் பார்த்தது. ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. பயந்து கேபிளைப் பிடுங்கினேன். சென்னைக்கு அனுப்பிப் பிரிக்கணும், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். எஸ்தர் போன் செய்தாள். எடுக்கவில்லை. எந்த முகத்தோடு பேசுவது?

அக்டோபர் 11, சனி

என் மனைவி ரேவதி செல்போன் டார்ச் அடித்து டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, கேபிள் சொருவுற வாய்ல சந்தனம் காஞ்சிபோய்க் கெடக்குது."

ஆயுத பூஜை! கேமரா, லைட், ஸ்டாண்ட் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். டிஸ்க்குக்கும் தாராளமாக அப்பினேன் — அதுவும் நன்றாக இருக்கட்டும் என்றுதான். புரட்டாசியில் கல்யாணம் ஏது? பூஜைக்குப் பிறகு அதைத் தொடவே இல்லை.

பல்குத்தும் குச்சியால் மெல்லச் சுரண்டினோம். மஞ்சள் தூள் உதிர்ந்தது. செருகினேன். வந்துவிட்டது, எல்லாமே!

"சாமியே வழிய அடைச்சிக்கினு இருந்துக்குது" என்று ரேவதி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் வேலையாக நகல் எடுத்தேன்.

அக்டோபர் 12

முழுக்கப் பார்த்தேன். எஸ்தரின் அப்பா பேசவே இல்லை. வாழ்த்த மைக் கொடுத்தபோதும் அழுதுவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஐயோ, இதை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

கடைசியில், வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு துண்டு. கேமராவை நிறுத்த மறந்து தொங்கவிட்டு நடந்திருக்கிறேன். தரையும் என் செருப்பும்தான் தெரிகின்றன. பக்கத்தில் அவர் குரல், தெளிவாக: "இன்னாபா, காலையிலருந்து நின்னுக்கினே இருக்கிற. வந்து ஒரு வாய் சாப்டுபா. பிரியாணி ஆறிப்போவுது."

எஸ்தரை வரவழைத்துப் போட்டுக் காட்டினேன். "இதான்ணா எங்கப்பா" என்றாள். திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

அக்டோபர் 18

பிள்ளையார்பாளையத்தில் ஜெபம். அதையே போட்டார்கள். திரை முழுக்க என் செருப்பு, யாரும் சிரிக்கவில்லை. "இதோ வரேங்க" என்று நான் அவருக்குச் சொன்ன பதிலும் கேட்டது. அன்று சாப்பிடாமலே அடுத்த வேலைக்கு ஓடிவிட்டேன்.

இன்றும் கிளம்பத்தான் பார்த்தேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து பந்தியில் உட்கார்ந்தேன். எஸ்தர் பரிமாறினாள்.