ஜாடியில் துளி இல்லை

செப்டம்பர் 18

என் செக்கிங் இன்ஸ்பெக்டருக்கு,

அப்பா நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? உன் அம்மா வைத்த ஆப்பிள் மரம் இந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்தது. டியூட்டி முடிந்து வந்து தினம் ஒரு கூடை அரிந்தேன். அடுப்புக்கு மேலே கம்பி வலையில் காயவைத்து எட்டு ஜாடி தேற்றிவிட்டேன். உனக்கு இரண்டு வருகிறது.

அம்மா முறைதான். முக்கால் ஜாடி நிரப்பி மூடி, ஏழு நாளும் குலுக்கி ஜாடிக் கண்ணாடியைப் பார்த்தேன். பழத்தில் ஈரம் மிச்சமிருந்தால் அதில் நீர் கோத்துவிடுமே. உள்ளே ஒரு துளி நீர் இல்லை. தைரியமாகச் சாப்பிடு.

பஸ்ஸும் நானும் ஓடிக்கொண்டிருக்கிறோம். ஓய்வுக்கு இன்னும் ஐந்து மாதம்.

உன் டிரைவர் அப்பா

அக்டோபர் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

பார்சல் வந்தது. இரண்டு ஜாடியிலும் பூஞ்சை. கண்ணாடியின் உள்பக்கம் நீர் முத்துமுத்தாக நிற்கிறது. ஒரு துண்டு விரல் கனம், ஒரு துண்டு காகிதக் கனம், விதையும் எடுக்கவில்லை. ஒரு துண்டோடு உங்கள் விரல் பிளாஸ்திரியும் சேர்ந்து காய்ந்திருக்கிறது. கடிதத்தில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன.

கோபிக்காமல் சொல்லுங்கள். உங்களுக்குக் கண் தெரிகிறதா?

மகள்

அக்டோபர் 11

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

பழம் கெட்டதற்கு டிரைவர் மேல் கேஸா? வழியில் பார்சல் மழையில் நனைந்திருக்கும். கிட்டத்தில் கொஞ்சம் மங்கல், வயசுக்கு அது சகஜம். தூரத்தில் இருப்பது பளிச். மார்ச்சில் டிப்போ கண் பரிசோதனையில் தேறினேனே, மறந்துவிட்டாயா? முப்பத்தோரு வருஷமாக என் வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

போதாததற்குக் கண்டக்டர் தம்பி என் பக்கத்திலேயே நிற்கிறான். "அண்ணே, சிவப்பு விழுந்திருச்சு", "அண்ணே, வலப்பக்கம் சைக்கிள்" என்று வழி முழுக்கப் பேச்சுதான். பொழுது போவதே தெரிவதில்லை.

அப்பா

அக்டோபர் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

மூடின ஜாடிக்குள் மழை பெய்யாது.

சிவப்பு விழுந்ததை டிரைவருக்குக் கண்டக்டர் ஏன் சொல்ல வேண்டும்? பள்ளி விட்டதும் உங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவள் நான். அப்போது யாரும் உங்களுக்குச் சொன்னதில்லை. அந்தக் கண் பரிசோதனைப் பலகையும் இருபது வருஷமாக அதேதான். அதன் எழுத்துகளை எனக்குப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான்.

மலைச் சாலையில் பனி விழப்போகிறது. வண்டியில் நாற்பது பேர். ஜாடிக்கு வைக்கிற கெடுவையே உங்களுக்கும் வைக்கிறேன். இது கையில் கிடைத்து ஏழு நாளுக்குள் நீங்களே டிப்போவில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மேனேஜருக்கு நான் எழுதுவேன். நீங்கள் என்னோடு பேசாமல் போனாலும் பரவாயில்லை என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. ஆனாலும் எழுதுவேன்.

மகள்

நவம்பர் 8

மகளுக்கு,

இது கண்டக்டர் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல அவன் எழுதுகிறான். ஆறு மாதமாக உன் கடிதங்களைப் படித்துக் காட்டுவதும் அவன்தான். போன கடிதத்தில் ஏழு நாள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டான். "படிடா" என்றேன். "அண்ணே, நானே சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல" என்று அழுதான். இதை எழுத மாட்டேன் என்கிறான். எழுதுடா என்கிறேன்.

வீம்புக்கு ஆறு நாள் ஓட்டினேன். ஆறாம் நாள் மார்க்கெட் நிறுத்தத்தில் "அண்ணே" என்று கத்தினான். பிரேக் போட்டேன். பம்பருக்கு ஒரு சாண் முன்னால் கூடையோடு ஒரு பெண். அவள் திட்டினது முழுக்கக் கேட்டது. முகம் தெரியவில்லை.

சாவியை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டேன். டிக்கெட் வாங்கி வீடு வந்தேன்.

உன்மேல் கோபம் தீரவில்லை. இந்தக் குளிருக்கு வராதே.

பேரிக்காய் காய்ந்துவிட்டது. கண்டக்டர் அரிந்து கொடுத்தான். ஜாடியைக் காதோரம் வைத்துக் குலுக்குகிறேன். காய்ந்திருந்தால் துண்டு துண்டாகப் புரள்கிறது. ஈரம் இருந்தால் ஒட்டிக்கொண்டு கட்டியாக விழுகிறது. இன்றைக்கு மூன்றாம் நாள்.

ஏழாம் நாள் ஒன்று அனுப்புகிறேன். கண்ணாடியைப் பார்த்துவிட்டு எழுது. துளி இருந்தால், இருக்கிறது என்றே எழுது.

அப்பா