உன் காதுக்கு மட்டும் போன ஒயர்

பேராவூரணிப் பக்கம் தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்த புயலுக்கு முந்தின வருஷம் அது. குறுவையை யாரும் நினைக்கவேயில்லை. திருக்காட்டுப்பள்ளியில் ஆற்று மணலில் கிரிக்கெட் ஆடினார்கள். ரேஷன் கார்டு புத்தகம் போய் பிளாஸ்டிக் அட்டை வந்ததும் அப்போதுதான். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். வருஷங்களை நான் இப்படித்தான் அடையாளம் வைத்திருக்கிறேன்.

இன்று காலை உன் வீட்டுக்கு வந்தேன். வருகிற வாரம் உனக்குத் தலைத்திவசம். தகரப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்த உன் பெண்சாதி கறுப்பு இயர்போன் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இது என்னண்ணே, ஒரு காதுதான் இருக்கு? தூக்கிப் போட்டுடவா?"

கையில் வாங்கினேன். சொருகும் முனையில் நான் கட்டிய சிவப்பு நூல் அப்படியே இருந்தது. உன் வியர்வை வாசம்கூட அதில் இருப்பது போலப் பட்டது எனக்கு.

"தாளும் பேனாவும் எடும்மா. அவனுக்கு ஒரு மடல் சொல்றேன், எழுது" என்றேன்.

"செத்தவருக்கா?"

"ஆமா. உனக்கும்தான்."

அவள்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். நீ சொல்லாதே என்ற ஒன்றை அவள் கையாலேயே எழுத வைக்கப் போகிறேன். கோபப்பட்டால் படு.

நம் மெல்லிசைக் குழுவை நடத்திய கீபோர்டு செல்வம் லேப்டாப் வாங்கிவந்த நாள் நினைவிருக்கிறதா? வயலின் பத்து, புல்லாங்குழல், கோரஸ் எல்லாம் அதற்குள்ளே அடங்கிக் கிடக்கிறது, இனி ஆறு பேர் போனால் அறுபது பேர் சத்தம் வரும் என்றான். ஒரே ஒரு சங்கடம். அந்தப் பெட்டி யாருக்காகவும் நிற்காது. பாடுகிறவர் மூச்சு வாங்கினாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். டிரம்ஸ் அடிக்கிற நீ அதோடு ஒட்டிப் போனால்தான் மற்றவர்கள் உன்னோடு ஒட்ட முடியும். அதற்காக உன் காதில் மட்டும் டிக் டிக் என்று தாளம் எண்ணுகிற சத்தம் ஒன்று வர வேண்டும், ஊருக்குக் கேட்கக் கூடாது.

முதல் நாள் ஊருக்கே கேட்டுவிட்டது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு காதுகுத்து. பாட்டு தொடங்கும் முன்னே நாலு ஹாரனிலும் டிக் டிக் டிக். முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்தே விட்டார்.

"யோவ் மைக்செட்டு, எவ்வளவு பெரிய பல்லிய்யா வளர்க்குற? எந்தத் திசையில சொல்லுது, நல்லதா கெட்டதான்னு பாத்துச் சொல்லு!"

பந்தலே சிரித்தது. நீயும் குச்சியை வாயில் கடித்துக்கொண்டு சிரித்தாய். அன்றிலிருந்து நமக்கு அது பல்லிதான்.

மறுநாளே நான் அதைப் பிரித்துவிட்டேன். லேப்டாப்போடு இருந்த சின்னப் பெட்டியில் நாலு ஓட்டை. முதல் இரண்டிலிருந்து பாட்டு என் மிக்ஸருக்குப் போய் அங்கிருந்து ஊருக்கு. மூன்றாவதிலிருந்து தனி ஒயர், மிக்ஸரைத் தொடாமல், மேடைப் பலகைக்கு அடியில் நேரே உன் காதுக்கு. படிக்கத் தெரியாதவன் மாறிச் சொருகிவிடக் கூடாதே என்று சிவப்பு நூல். மிக்ஸரில் மொத்தச் சத்தத்தையும் ஏற்றி இறக்குகிற மாஸ்டர் கட்டையைக் காட்டிச் செல்வம் தயங்கினான். "எல்லாம் உங்க மாஸ்டருக்குள்ள வந்தா நல்லதில்லையாண்ணே? ஒண்ணை இறக்கினா எல்லாம் நிக்குமே." நான் விடவில்லை. நான் பாட்டை ஏற்றி இறக்கும்போது உன் தாளம் ஆடக் கூடாது என்றேன். பெருமையாகச் சொன்னேன். அவனும் சரி என்று லேப்டாப்பை என் மேசையிலேயே வைத்து, கீழே நீளமாக ஒரு பட்டன் இருக்கும் பாருங்கள், அதை அமுக்கினால்தான் பல்லியும் சேர்ந்து நிற்கும் என்று மூன்று தடவை காட்டிக்கொடுத்தான்.

உன் வலது காது செத்துப்போனது எனக்கு மட்டும்தான் தெரியும். நாற்பது வருஷம் சிம்பலுக்கும் ஹாரனுக்கும் நடுவில் உட்கார்ந்தவன் நீ. இடது காதில் இயர்போனை வைத்துவிட்டால் உனக்கு இந்த உலகத்தில் பல்லியைத் தவிர வேறு சத்தமே கிடையாது. மேடைக்கு ஏறும் முன் என் காதோரம் வந்து, "பல்லிக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்பாய். அந்தச் சின்னப் பெட்டியில் உன் சத்தத்தை ஏற்றிவைப்பேன். கண்ணை மூடிக்கொண்டு, எண்ணிக்கொண்டே அடிப்பாய். ஒரு அடி பிசகாது. உன்னைப் பாராட்டுவார்கள், "என்ன லயிப்புய்யா இந்த மனுசனுக்கு" என்று.

தங்கச்சி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா. இன்னும் இருக்கிறது.

அந்த வருஷம் ஆவணியில் ரோட்டோரப் பந்தல் ஒன்றில் கல்யாண வரவேற்பு. வெயில் இறங்கவில்லை. நல்ல குத்துப்பாட்டு, பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்போது கிழக்கேயிருந்து பாடை வந்தது. மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்துச் செத்த பையன், கல்யாணம் ஆகாதவன். பந்தலைப் பார்த்ததும் அவர்கள் பறையை நிறுத்தினார்கள், கல்யாண வீட்டுக்காக. நாமும் நிறுத்த வேண்டும், பிணம் தாண்டும் வரைக்கும். எந்த ஊரிலும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பது வருஷப் பழக்கத்தில் என் கை தானாகப் போய் மாஸ்டரை இறக்கியது.

பாட்டு நின்றது. செல்வம் கையை எடுத்தான். பாடிய வசந்தா மைக்கை இறக்கினாள். கிட்டார், தபேலா எல்லாம் நின்றது. அந்த அமைதியில் நீ மட்டும் அடித்துக்கொண்டிருந்தாய்.

மூன்றாவது ஓட்டையில் பல்லி ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டருக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை, இல்லாமல் செய்தவன் நான். கை நீட்டி அந்த நீளப் பட்டனை அமுக்கியிருந்தால் நீ கண்ணைத் திறந்திருப்பாய். எனக்கு அது தோன்றவில்லை. உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். நீ செவிடன் என்று தெரிந்த ஒரே ஆள் நான். கத்தினேன்.

பாடைக்கு முன்பக்கம் தோள்கொடுத்து வந்தவன் செத்தவனின் அண்ணன். தோளை வேறொருவனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு மேடை ஏறினான். நீ டிரம்ஸில் நல்ல உருட்டு ஒன்று போட்டுக்கொண்டிருந்தாய். "என் தம்பி சாவுக்கு நீ கொண்டாடுறியாடா?" அடித்த அடியில் இயர்போன் தெறித்து விழுந்தது. உதட்டில் ரத்தத்தோடு நீ முதலில் பார்த்தது ரோட்டை. பாடையைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

செல்வம் உன் சட்டையைப் பிடித்தான். "அண்ணே, குடிச்சிருக்கியா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "ஆமா" என்றாய்.

வேனில் என்னைத் தவிர யாரும் உன் பக்கத்தில் உட்காரவில்லை. என் இடுப்பைக் கிள்ளிச் சொன்னாய். "வாயத் தொறக்காத. குடிகாரன்னா நாலு மாசம் கழிச்சு மறுபடி கூப்பிடுவானுவ. செவிடனை எவன் கூப்பிடுவான்? வீட்டுலயும் சொல்லிடாத."

நான் வாயைத் திறக்கவில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டேன். அது பொய். காது செத்ததைச் சொன்னால் ஒயரைச் சொல்ல வேண்டும். ஒயரைச் சொன்னால் என் கையைச் சொல்ல வேண்டும்.

அவர்கள் கூப்பிடவேயில்லை. நீ தென்னந்தோப்புக் காவலுக்குப் போனாய். தங்கச்சி உன்னைக் கோயிலுக்கு இழுத்துப்போய்க் குடியை விடுகிற கயிறு கட்டச் சொன்னாள். ஒரு சொட்டுக்கூடத் தொட்டறியாதவன், பூசாரி முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றாய். சாட்சிக்கு நான் நின்றேன். "எத்தனை வருசமா?" என்று பூசாரி கேட்டார். "ரொம்ப நாளாங்க" என்றாய். உன்னை எரிக்கும்போதும் அந்தக் கயிறு மணிக்கட்டில் இருந்தது.

இந்த இடத்தில் அவள் எழுத்து நின்றது. பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கேட்டாள்.

"எந்தக் காதுண்ணே?"

"வலது."

"நான் அடுப்பங்கரையிலேருந்து கூப்பிடுவேன். கல்லாட்டம் உக்காந்திருப்பாரு. திமிருன்னு நெனச்சேன். குடிச்சுட்டு மானத்த வாங்கினதும் இல்லாம திமிரு வேறயான்னு... கூப்பிடுறதையே வுட்டுட்டேண்ணே. தட்டை வச்சுட்டுப் போயிடுவேன். அவரு எந்தப் பக்கம் உக்காந்திருந்தாருன்னு ஒரு நாளாவது பாத்தனா?"

என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். "சொல்லுங்க, முடிங்க" என்றாள். பேனாவை வைத்த பிறகு தான் கேட்டதையும் சொன்னதையும்கூட ஒரு வார்த்தை விடாமல் அவளே எழுதினாள்.

முடிக்கிறேன். மைக்செட்டை நான் விற்று நாளாகிறது. ஆனாலும் ரோட்டில் பாடை போனால் என் வலது கை இன்னும் தானாக எழுந்து எதையோ கீழே இழுக்கிறது. இழுத்த பிறகுதான் அந்த நீளப் பட்டன் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு தடவையும் பிந்தித்தான் வருகிறது.

இயர்போனை உன் படத்துக்குப் பின்னால் வைக்கப் போகிறாளாம். வைக்கட்டும்.

நீ குடித்தாய் என்று நம்பினவர்களில் செல்வம் கொரோனாவில் போனான். வசந்தா போன தையில் போனாள். கிட்டார்காரனும் தபேலாக்காரனும் வேன் டிரைவரும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்வதற்கு உயிரோடு மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தி. உன் பேரை நீயே எழுதிக்கொள் தங்கச்சி என்றேன்.

மங்கையர்க்கரசி.