நாகுவிடம் சொல்லாத சேதி

என் அஞ்சலைக்கு,

நாளை விடிந்ததும் சென்னப்பட்டணம் புறப்படுகிறேன். காலையிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மூட்டையைக் கட்டுகிறேன், எதையோ மறந்ததுபோல அவிழ்க்கிறேன், திரும்பவும் கட்டுகிறேன். உள்ளே இருப்பது ஒரு வேட்டியும் கொஞ்சம் கருவாடும்தான். தோணி நிற்கிறதா என்று பார்க்கத் துறைக்கும் வீட்டுக்கும் நடந்தபடி இருக்கிறேன். "இன்னாய்யா, நாளைக்குத்தானே போறோம்? நீ பாத்துக்கினே இருந்தா தோணி இன்னா குட்டி போடுமா?" என்று தோணிக்காரன் சத்தம் போட்டான். நீ இருந்திருந்தால் அவனோடு சேர்ந்து சிரித்திருப்பாய்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் இதை எழுத உட்கார்ந்தேன். உலாந்தா வெள்ளைக்காரன் கோட்டையில் கூலிக்குப் போன நாளில் கற்ற எழுத்து, கோணல்மாணலாகத்தான் வரும்.

நாகுவைத் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துவர வேண்டிய மாதம் இது. எந்தத் தாய் வீட்டுக்கு, அஞ்சலை?

நீ போனது நம் மகளுக்கு இன்னும் தெரியாது. பேதியில் நீ கண்ணை மூடியதுமே சென்னப்பட்டணத்துச் சம்பந்தி வீட்டுக்குச் சேதி அனுப்பிவிட்டோம். அவர்கள் அவளிடம் சொல்லவில்லை. காரியம் முடிந்ததும் என் வாயால் சொல்லலாம் என்றுதான் போன மாதம் அங்கே போனேன். வாசலிலேயே சம்பந்தியம்மா கையைக் கூப்பினாள்.

"வாயும் வயிறுமா இருக்குற பொண்ணு அண்ணா. இப்போ சொன்னா தாங்க மாட்டா. மொட்டை இன்னாத்துக்குன்னு கேட்டா, திருப்பதி வேண்டுதல்னு சொல்லிடுங்க."

நாகு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இன்னா நைனா, மொட்டை?"

"திருப்பதி போய்ட்டு வந்தேம்மா. உன் பிரசவம் நல்லபடியா ஆவணும்னு."

"அம்மாவும் முடி குடுத்துச்சா?"

"அவ பூமுடி குடுத்தா."

"பிரசாதம் எங்க?"

"தோணியில தண்ணி பூந்து எல்லாம் பாழாப் போச்சு."

நான் இவ்வளவு கூசாமல் பொய் சொல்வேன் என்று நீகூட நம்பியிருக்க மாட்டாய்.

அதற்குப் பிறகு அங்கே இருந்த நாளெல்லாம் நான் சந்தோஷமாக இருந்தேன், அஞ்சலை. எப்படி என்று கேட்காதே. நாகு மெல்ல மெல்ல நடந்து ஊரைச் சுற்றிக் காட்டினாள். மாப்பிள்ளை படகு தள்ளும் கரைக்குப் போனோம். இடுப்பளவு ஏரித் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்த எனக்கு அந்தக் கடல் அலையைப் பார்த்தாலே தலை சுற்றியது. வளையல் கடையில் உனக்காகப் பச்சை வளையல் பொறுக்கினாள். "அம்மா கை என் கைய விட சின்னது" என்று கடைக்காரனிடம் தன் மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

"அம்மா இப்போ இன்னா பண்ணும் நைனா?"

"இன்னா பண்ணுவா? ஓலைப் பறிக் கூடைய வாயில கடிச்சிக்கினு தண்ணியில நண்டு தேடிக்கினு இருப்பா. வெயில் ஏறிச்சு, வாடின்னா கேக்குறாளா?"

சொல்லச் சொல்ல எனக்கே நெஞ்சு லேசானது. அந்த ஊரில் நீ சாகவில்லை. அங்கே உன்னைக் குறை சொல்ல முடிந்தது.

திரும்பி வரும்போது எண்ணூர் தாண்டி, வெகுநேரம் கழித்து நம் ஊர்க் கோட்டைக் கொடி கண்ணில் பட்டது. நீ உலை வைத்திருப்பாய் என்று நினைத்தேன். என் பொய்யை நானே நம்பிவிட்டேன். துறையில் இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது. வீடுவரை எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை.

இப்போது சம்பந்தி வீட்டார் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பிரசவம் அங்கேயே நடக்கட்டுமாம். அம்மாவுக்குக் காய்ச்சல், வர முடியாது என்று நானே வந்து நாகுவிடம் சொல்ல வேண்டுமாம். இங்கே பக்கத்து வீட்டுப் பெண்களும் அதுதான் சரி என்கிறார்கள். எனக்கும் ஆசைதான். இன்னும் கொஞ்ச நாள் நீ அங்கே காய்ச்சலோடாவது இருப்பாயே.

ஆனால் அன்றைக்குப் புறப்படும்போது நாகு என் காதருகே சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. "வலி வரும்போது அம்மா கையத்தான் புடிச்சிக்குவேன்னு சொல்லு நைனா. அம்மா வந்தா எனக்கு பயமில்ல."

வலியில் அவள் உன்னைத்தான் கூப்பிடுவாள். நீ வரமாட்டாய். பெற்ற மகள் துடிக்கும்போது ஒரு காய்ச்சலுக்காக வராமல் படுத்திருந்தவள் என்று உன்னை நினைப்பாள். எழுந்திருக்க முடிந்திருந்தால் நீ தவழ்ந்தாவது போயிருப்பாயே. அந்தப் பேர் உனக்கு வரலாமா?

சொன்னால் அவளுக்கு என்ன ஆகுமோ, வயிற்றில் இருப்பதற்கு என்ன ஆகுமோ. யாரிடம் கேட்பேன்? இந்த மாதிரி சங்கதியெல்லாம் உன்னிடம்தானே கேட்பேன்.

நாளை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே சொல்லிவிடுகிறேன். வலி வரும்போது கதவுக்கு வெளியே நான் இருப்பேன், எங்கும் போகமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. நாளைக்குப் பிறகு நீ உயிரோடு இருக்க ஓர் ஊரும் இல்லை அஞ்சலை. என்னை மன்னித்துக்கொள்.

என்றும் உன் புருஷன்,
நாகுவின் நைனா