கடல் மட்டத்துக்கு இறக்கிய ஊர்

செப்டம்பர் 4
மாப்பிள்ளை தூரத்து ஊர் ஒன்றில் நிலம் வாங்கிவிட்டார். மகளும் கைக்குழந்தையும் அடுத்த வாரம் அவரோடு கிளம்புகிறார்கள். நிலக் கம்பெனி கொடுத்த படத்தை விரித்துக் காட்டினார். நான் வரைந்த உலக வெப்பநிலைப் படம். "நீங்களே மஞ்சள் அடிச்சிருக்கீங்க அத்தை. மிதமான மண்டலம். குளிர்காலத்துலயும் பதினைஞ்சு டிகிரி." பெருமையாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 5
பெருமை ஒரு ராத்திரிதான். வானிலை ஆபீசில் பார்த்தேன், அந்த ஊர் எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. நாங்கள் எல்லா ஊரையும் கணக்கில் கடல் மட்டத்துக்கு இறக்கிவைத்துத்தான், ஒரே வெப்பமுள்ள ஊர்களை இணைக்கும் வெப்பக்கோடு போடுவோம், இல்லாவிட்டால் மலைக்கு மலை கோடு நெளியும். ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரி கூட்டுவோம். கூட்டியதைக் கழித்தால்? ஐயோ, தண்ணீர் உறையும். உயரத்துக்கு ஏற்பக் கழித்துக்கொள்ளவும் என்று மூலையில் குறிப்பு எழுதியிருந்தேனே. கம்பெனிக்காரன் ஓரத்தை வெட்டிவிட்டு அச்சடித்திருக்கிறான்.

செப்டம்பர் 6
மேலாளர்: "நம்ம படத்துல தப்பில்லையேம்மா. வெட்டினவனைக் கேளுங்க."
மாப்பிள்ளை: "வேலையை விட்டாச்சு, வீட்டையும் காலி பண்ணியாச்சு. இப்ப வந்து சொன்னா எப்படி அத்தை?"
மகள் சிரிக்கிறாள். "உனக்கு உன் நிழலைக் கண்டாலே பயம்மா."

செப்டம்பர் 11
ரயில் போய்விட்டது. வீட்டில் இருந்த கம்பளி, போர்வை எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி ஏற்றினேன். மாப்பிள்ளை முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

டிசம்பர் 2
கடிதம் இல்லை.

டிசம்பர் 19
இன்றும் இல்லை. குழந்தைக்கு மூச்சு வாங்குமோ? விரல் விறைத்துப்போயிருக்குமோ? யாரிடம் போய்க் கேட்பேன்? ஆபீசில் கோடு போடுகிறேன். ஒரே கோட்டை மூன்று தடவை அழித்தேன்.

ஜனவரி 8
கடிதம். உறையைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் கிழித்துக் கொடுத்தார். மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.
"உன் மூட்டைக்குள்ளதான் குழந்தை தூங்குதும்மா. காத்து வராம இருக்க உன் படத்தை ஜன்னல் விரிசல்ல ஒட்டியிருக்கோம். எதிர்வீட்டுக் குழந்தை போன வாரம் குளிர் தாங்காம போயிடுச்சு. அவங்களும் அந்தப் படத்தைப் பாத்துதான் வந்தாங்க. அவங்களுக்கு யாரும் சொல்லல."
நான் என் பிள்ளைகளுக்கு மட்டும்தானே சொன்னேன்?

ஜனவரி 9
இன்றும் அந்த ஊருக்கு ஒரு ரயில். ஆபீசுக்குப் போகவில்லை. பிளாட்பாரத்தில் நின்று, மஞ்சள் படம் வைத்திருந்தவர்களிடம் எல்லாம் அந்த மூலைக் குறிப்பைச் சத்தமாகச் சொன்னேன். கம்பெனி ஆள் பிடித்துத் தள்ளினான். சிலர் பைத்தியம் என்றார்கள். ரயில் நகர்வதற்குள் கைக்குழந்தையோடு ஒருத்தி மட்டும் படியிறங்கி வந்து, "மறுபடி சொல்லுங்கம்மா" என்றாள்.