அம்மா வீட்டு ரோட்டில் நிற்கும் கார்

1957 நவம்பர் 10, ஞாயிறு

தூக்கம் வரவில்லை, சிரிப்புத்தான் வருகிறது. ஆயுத பூசை முடிந்ததிலிருந்து எங்கள் பழைய கார் தலவாக்கலை டவுனுக்குள் ஒழுங்காக ஓடும். டயகமவில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டால் மட்டும் பாதி வழியில் நின்றுவிடும். மறுபடி கிளப்புவதற்குள் உயிர் போய்விடும். பிளக் மாற்றியும் பயனில்லை. "நீ ஏறுனாத்தான் நிக்குது" என்று இவர் காரை விற்கவே ஆள் பார்த்துவிட்டார்.

இன்றும் ஏற்றத்தில் நின்றது. இவர் காரைக் கிளப்ப முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றிக் களைத்துப்போனார். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க நான் டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. அடுத்த சுற்றிலேயே கார் உறுமியது!

மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைபட்டால் தூரம் போகப் போக எஞ்சினுக்குப் பெட்ரோல் வராது. துளைக்குள் கல்லாய்க் காய்ந்து கிடந்தது சந்தனம்.

"ஏங்க, பூசைக்குக் காருக்குப் பொட்டு வச்சது யாருங்க?"

இவர் குனிந்து ஹேண்டிலைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். மூடி வரைக்கும் தன் கையாலேயே வைத்தவர் ஆயிற்றே!

கொண்டை ஊசியால் குத்தி எடுத்தேன். அம்மா வாசல் வரை கார் எங்கும் நிற்கவில்லை.

நாளை கார் வாங்க வருகிறவருக்கு நல்ல தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்பிவிட வேண்டும்.