கண்ணைக் கட்டியபின் எழாத தேங்காய்

சித்திரை 8, திங்கள்

காற்றே இல்லை. காலையிலேயே அனல். பக்கத்துத் தோட்டத்துப் பழனியம்மாளுக்குப் போர்வெல் போட இடம் பார்த்தேன். வடகிழக்கு மூலை. உள்ளங்கையில் படுக்க வைத்த தேங்காய், குடுமி மேலே வர எழுந்து நின்றது. அங்கே தண்ணீர் என்று பொருள். குச்சி நட்டாயிற்று.

மேற்குத் தோட்டத்துக்கு மிஷினோடு நீரோட்டம் பார்க்க வந்த படித்தவர் வேலியோரம் நின்று கவனித்தார். "காய் தானா எந்திரிக்கறதில்லீங்க. உங்க விரலு எந்திரிக்க வெக்குது. அது உங்களுக்கே தெரியாதுங்க. கண்ணைக் கட்டிட்டு நடந்து பாருங்க."

சிரித்திருந்தால் அடித்திருப்பேன். சிரிக்கவில்லை.

எனக்கே தெரியாதாம்! யாரிடமும் கற்காமல் நானே கண்ட வித்தை. எத்தனை தோட்டத்தில் தண்ணீர் காட்டினேன். ஒருத்தனும் நன்றி சொன்னதில்லை.

பிரஷர் மாத்திரை தீர்ந்தது. வாங்க வேண்டும்.

செவ்வாய்

அந்தப் படித்தவர் மூக்கை உடைக்கத்தான் கண்ணைக் கட்டினேன். துண்டு, இரண்டு சுற்று. மனைவி ருக்மணி கையைப் பிடித்து நடத்தினாள். "ஏனுங்க, கண்ணாமூச்சி ஆடற வயசுங்களா இது?"

குச்சியைப் பலமுறை கடந்தோமாம். காய் அசையவில்லை. சம்பந்தமே இல்லாமல் எருக்குழி ஓரம் விறைத்து நின்றது. துண்டை அவிழ்த்துக் குச்சியிடம் போனேன். உடனே எழுந்தது. மறுபடி கட்டினேன். மறுபடி கிடந்தது.

முன்பு காட்டிய இடங்களில் தண்ணீர் வந்தது பொய்யில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துதான் வந்ததா? வராத இடங்கள்? 'ராசியில்லாத ஆள்' என்று பழியைத் தோட்டக்காரன் தலையிலேயே போட்டுவிடுவேன்.

புதன்

பழனியம்மாள் முருங்கைக்குக் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். சங்கிலி போர்வெல் செலவுக்காக அடகுக்குப் போய்விட்டது.

"அம்மணி, தண்ணி எங்கிருக்குதுன்னு எனக்குத் தெரியாது. நிறுத்திப்போடு."

"தெரியாதவங்க எங்கீங்கய்யா தெரியாதுன்னு ஒத்துக்கறாங்க? நீங்க சொன்னா இருக்குமுங்க. போர் லாரிக்காரரு நாளைக்கு வாரேன்னுட்டாருங்க."

கத்தினேன். துண்டு விஷயத்தையும் சொன்னேன். "கண்ணைக் கட்டிப்போட்டா சாமிக்கே தெரியாதுங்க" என்று சிரிக்கிறாள்.

வியாழன்

லாரி வந்துவிட்டது. குச்சி நட்ட இடத்தில் கற்பூரம். என்னைத்தான் ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். ஏன் ஏற்றினேன்?

மதியம். இதுவரை புழுதி மட்டும். முருங்கையெல்லாம் வெள்ளை. அவள் குழியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிற்க முடியாமல் வீட்டுக்குள் வந்து இதை எழுதுகிறேன்.

வாசலில் அவள் குரல். "ஏனுங்கய்யா, நிறுத்தறதான்னு கேக்கறாங்க. இன்னும் இறக்கச் சொல்லட்டுங்களா?"