பிப்ரவரிக்கு ஏது முப்பது?

வெள்ளிக்கிழமை இரவு.

மும்மூர்த்திகள் வந்து சாட்சி சொன்னாலும் எவனும் இதை நம்பப்போவதில்லை. ஆனாலும் சத்தியமாக எழுதுகிறேன்.

தமிழிலேயே கணினி நிரல் எழுதும் மொழிக்காக அண்ணன் மகள் தேன்மொழியும் நானும் ஒரு பொது நிரல் நூலகம் எழுதினோம். தேதி, கணக்கு, அகரவரிசை என்று எல்லோருக்கும் தேவைப்படும் நிரல்கள். யாரும் எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவர் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது. அந்த இடத்தில் தேன்மொழி பெயரைத்தான் போட்டிருந்தோம்.

இன்று எங்கள் தொழிற்சாலைக்கு வருகைப்பதிவு மென்பொருள் விற்க ஒருவன் வந்தான். "முழுக்க எங்க சொந்தத் தயாரிப்பு சார்" என்றான். மேனேஜர் சோதிப்பதற்காக பிப்ரவரி முப்பது என்று தட்டினார். திரை சொன்னது: "இன்னா நைனா, பிப்ரவரிக்கு ஏது முப்பது?"

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "யோவ், இது உன் வாயாச்சே!"

நான் எழுதிய வரியேதான். நிரலைத் திறந்து காட்டச் சொன்னேன். தேன்மொழி பெயர் இருந்த இடத்தில் அவன் கம்பெனி பெயர்!

"ஓசியில கெடைச்சதுதானே சார்?"

"எடுத்துக்கினு போ, யாரு வேணான்னா? எங்க பொண்ணு பேரை ஏன்யா அழிச்ச?"

நான் போட்ட கூச்சலில் அத்திப்பட்டு அனல்மின் நிலையம் அணைந்தது. மீஞ்சூர்க் கடல் ஆந்திராவுக்கே ஓடியது.

அணைந்ததும் ஓடியதும் புளுகு. அவள் பெயரை அவன் திரும்பத் தட்டி முடிக்கும்வரை கதவை மறித்து நின்றேன். அது மட்டும் நிஜம்.